கட்டுநாயக்கவிலிருந்து காசல்ரீ வரை: களனியோடு ஏறும் பாதை

மலையகத்துக் காசல்ரீ ஏரிக்கரையில் நாலு நாள் தங்கிப்போக வருகிறவர், தான் பார்க்க வந்த தண்ணீரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டுப் புறப்பட்ட அரை மணி நேரத்திலேயே ஒருமுறை கடந்துவிடுகிறார். 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை பேலியகொடையில் முடிகிறது. அங்கிருந்து கொழும்புக்குள் போக 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தில் ஏற வேண்டும். கீழே ஓடுவது களனி கங்கை. இன்னும் சில கிலோமீற்றரில் கடலைச் சேர்ந்துவிடும் அந்த ஆற்றின் தலைநீர்களில் ஒன்றுதான் கெஹெல்கமு ஓயா. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மழையைத் திரட்டிக்கொண்டு நோர்வூட்டுக்கு வந்து, காசல்ரீ அணைக்கட்டில் தேங்கி நின்று, பிறகு மலை மலையாக இறங்கிவருகிறது. இன்னொன்று மஸ்கெலியா ஓயா. கித்துல்கலைப் பக்கம் இரண்டும் கலந்தபிறகுதான் ஆற்றுக்குக் களனி என்று பெயர்.

கட்டுநாயக்கவிலிருந்து ஏரிக்கரை நகரமான நோர்வூட்டுக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர். களனியின் நீளம் 145 கிலோமீற்றர். இந்தப் பயணம் முழுவதும் ஓர் ஆற்றைக் கடல்முகத்திலிருந்து அதன் பிறப்பிடம் வரை ஏறிப் பார்ப்பதுதான். இப்படிப்பட்ட பாதை எத்தனை நாட்டில் உண்டு? ஆனால் விடுமுறைக்கு வருகிறவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம், என்ன வாகனம், எவ்வளவு காசு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏரிக்கு மூன்று வழிகள் உண்டு. வானத்தால் போனால் ஏறக்குறைய அரை மணி, ரோட்டால் ஐந்து மணி, ரயிலால் அநேகமாக ஒரு முழுப் பகல். மூன்றிலும் தோட்டத்து மக்களின் கதை இருக்கிறது. அவர்களுக்காக ஒழுங்காக அமைந்த வழி என்று ஒன்றுகூட இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஆதங்கம்.

நள்ளிரவு வான்கள்

வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் இறங்கும் நள்ளிரவு வேளையில் வருகை மண்டபத்துக்கு வெளியே நின்று பாருங்கள். ஒருபக்கம் ஹோட்டல் பெயர் எழுதிய அட்டையோடு சாரதிகள். இன்னொரு பக்கம் தோட்டத்து வான்கள். ஒரு வானில் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். மலைக் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் கட்டுநாயக்க வெக்கையில் வியர்த்துக்கொண்டு பாட்டி நிற்பார். தோளில் ஒரு பிள்ளை தூங்கும். குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலை பார்த்துவிட்டு வரும் மகள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வருவாள். வண்டியில் நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி. அதில் தடித்த கறுப்பு மையில் அவள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தோட்டத்தின் பெயர், டிவிசன், கடைசியில் ஹற்றன். பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "அம்மாடா, போய்யா" என்று பாட்டி முன்னே தள்ளிவிடுவார்.

இவ்வளவு பேரும் வான் பிடித்து வருவதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. பெட்டிகளோடு அகால நேரத்தில் இறங்குகிற ஒரு பெண் தனியாக வீடு போய்ச் சேர்வது பெரும்பாடு. விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு 187 ஆம் இலக்க பஸ் இருக்கிறது. கொழும்பில் இறங்கி புறக்கோட்டையில் ஹற்றன் பஸ்ஸைத் தேட வேண்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று பலகை போட்ட பஸ் கிடைத்தால் நோர்வூட்டில் இறங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஹற்றனில் இன்னொரு பஸ், அதன்பிறகு தோட்டத்துக்கு ஓர் ஆட்டோ. பெட்டியை நாலு தடவை ஏற்றி இறக்க வேண்டும். அதனால்தான் கடன் வாங்கியாவது வான் பிடிக்கிறார்கள். அவள் கொண்டுவந்த காசில் முதல் செலவு அந்த வான் கூலியாகத்தான் இருக்கும்.

அதே மண்டபத்தில் இறங்கி அதே மலைக்கு, அதே ஏரிக்கரைக்குப் போகிறவர்தான் சுற்றுலாப் பயணியும். இருவருக்கும் தூரம் ஒன்று; வழி மட்டும் ஏன் வேறு? இது ஒரு நாட்டின் போக்குவரத்துக் கொள்கையில் பதிலுக்காகக் காத்திருக்கும் கேள்வி.

வானத்தால் அரை மணி

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விமானம் இறங்கும். சக்கரத்தோடு மிதவையும் பூட்டிய செஸ்னா ரகச் சிறு விமானங்களைச் சினமன் எயார் நிறுவனம் இந்த ஏரிக்கு இயக்கிவந்திருக்கிறது. தரையில் ஓடி எழும்பிய விமானம் தேயிலை மலைகளுக்கு நடுவே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மேலிருந்து பார்க்கிறவருக்குக் காசல்ரீ கைவிரல்களை விரித்துவைத்தது போலக் கிடக்கும். ஒவ்வொரு விரலும் முன்பு ஒரு பள்ளத்தாக்கு.

ஆனால் இந்த மலைகளுக்கும் கட்டுநாயக்கவுக்கும் நடுவே உள்ள வானத்தில் மறக்கமுடியாத ஒரு துயரமும் உண்டு. 1974 டிசெம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின்எயார் விமானம் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தாங்கள் எந்த இடத்துக்கு மேலே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துவிட்டார்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணித் தாழ்ந்த விமானம் நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர், மொத்தம் 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. காசல்ரீக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எதிரே தெரியும் அந்த மலைத்தொடரைப் படம் எடுக்கும்போது இதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆற்றோடு ஏறும் ரோடு

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு இரண்டு பாதைகள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு போக விரும்புகிறவர் அம்பத்தலை, கடுவலை, ஹங்வெல்லை வழியாகப் போகும் பழைய தாழ்நிலப் பாதையைப் பிடிக்க வேண்டும். அம்பத்தலையில்தான் களனி நீரைச் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் குழாயைத் திறந்தால் வருவதில் மலையகத்து மழையும் கலந்திருக்கிறது.

அவிசாவளையில் ஏ7 பெருந்தெரு தொடங்குகிறது. கரவனல்லையில் களனியைத் தாண்டி, யட்டியாந்தோட்டையின் இறப்பர் தோட்டங்களுக்குள் நுழைகிறது. நம் சனங்களில் ஒரு பகுதியினர் இந்த இறப்பர் மரங்களை நம்பி வாழ்கிறார்கள். மலையகம் என்றாலே தேயிலை என்று நினைத்துக்கொண்டு இவர்களைக் கடந்துபோய்விடுவது நம் எல்லோருடைய பழக்கமும்தான்.

கித்துல்கலையில் பஸ் நிற்கும். அங்கே தேத்தண்ணி குடித்து, கைகால் கழுவி, மேலே பார்த்தால் மலை தொடங்கிவிட்டது தெரியும். டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காக ஒரு பாலத்தையே இங்கே கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அதே ஆற்றில் இறப்பர் படகில் பாறைச் சரிவுகளில் இறங்கும் விளையாட்டுக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். அந்தப் படகு போகும் அளவுக்குத் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் மேலே மின்நிலையங்கள் நீரைத் திறந்துவிடுவதைப் பொறுத்தது.

கித்துல்கலைக்கு மேலே ரோடு சட்டென்று உயரத் தொடங்குகிறது. ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம். கினிகத்தேனை வந்ததும் காற்று மாறிவிடும். பஸ்ஸின் கண்ணாடிகளை ஒவ்வொருவராக இழுத்து மூடுவார்கள். தியகலைச் சந்தியில் நோர்ட்டன்பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு ஒரு பாதை பிரிகிறது. ஆற்றோடு விடாமல் போக விரும்புகிறவருக்கு அதுதான் பாதை, சிவனொளிபாதமலைக்கு அவசரமாகப் போகிறவருக்கும் அதுவே. மற்றவர்கள் வட்டவளை வழியாக ஹற்றனுக்குப் போகலாம். தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் வாங்கும் சரிவு இது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மண்மேடு சரிவதும் மரம் விழுவதும் இங்கே சாதாரணச் செய்தி.

கோச்சி

மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். 1867 இல் கொழும்பிலிருந்து கண்டியை எட்டிய இருப்புப்பாதை 1884 இல் ஹற்றனுக்கு வந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க நினைத்துப் போட்ட பாதை; அது மலை உச்சிக்கு வருவதற்குள் கோப்பியை நோய் அழித்துவிட, தேயிலையை இறக்கியது. அதற்கு முன் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைவானதை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

இதே கோச்சி ஆட்களைத் திருப்பியும் கொண்டுபோனது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஹற்றன் ஸ்டேஷன் மேடையில் பாதிக் குடும்பம் ரயிலுக்குள்ளும் பாதிக் குடும்பம் வெளியிலும் நின்று அழுத அழுகையால் அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் விமானம் பிடித்துத் தாத்தா குடியிருந்த தோட்டத்து லயத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் இறங்குவதும் கட்டுநாயக்கவில்தான்.

கொழும்பு கோட்டையில் ஏறினால் ஹற்றனுக்கு 173 கிலோமீற்றர். கடுகண்ணாவை ஏற்றமும், நாவலப்பிட்டிக்கு மேலே கல்பொடை, வட்டவளை, ரொசல்லை என்று ஒவ்வொரு வளைவிலும் மாறும் மலைகளும் உலகத்தில் எவரும் ஒருமுறை பார்க்க வேண்டியவை. ஆனால் விமானத்தில் வந்து இறங்கிய அன்றே இதில் போக முடிவது அபூர்வம். பொடி மெனிகே ரயில் விடியற்காலையில் கோட்டையை விட்டுவிடும். முன்பதிவு இருக்கைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதோடு 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலை மறந்துவிடக்கூடாது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பேரிடரில் மலையகப் பாதையைப் பல இடங்களில் மண்சரிவு அறுத்தது. ரயிலில் போக நினைப்பவர் அன்றன்று எதுவரை வண்டி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும்.

ஏரி பிறந்த கதை

ஹற்றனிலிருந்து நோர்வூட் பதினைந்து கிலோமீற்றருக்குள். டிக்கோயாவைத் தாண்டியதும் ரோடு இறங்கத் தொடங்குகிறது. தேயிலைச் சரிவுகளின் அடியில் தண்ணீர் தெரியும். முதலில் ஒரு கீற்று, அடுத்த வளைவில் அகலமாக, அதற்கடுத்த வளைவில் ஏரி முழுவதும். 1878 இல் கட்டிய வோர்லி கிறிஸ்து ஆலயம் கரைக்கு மேலே கல்லறைகளோடு நிற்கிறது. தேவாலயம் கட்டிய காலத்தில் அதன் கீழே ஏரி கிடையாது, ஆறுதான் ஓடியது.

கொடைக்கானல் ஏரியும் மனிதர் வெட்டியதே. 1863 இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அதை உல்லாசத்துக்காகவே அமைத்தார். காசல்ரீ அப்படி வந்ததல்ல. மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து இந்த நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் கணக்கோடு எழுதிக்காட்டினார். காலனி அரசு இழுத்தடித்தது. லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டில் அவர் காலமானார். 1965 இல் காசல்ரீ அணை முடிந்து, அவர் பெயர் தாங்கிய 50 மெகாவாட் மின்நிலையம் நோர்ட்டன்பிரிட்ஜில் ஓடத் தொடங்கியது. 1969 இல் மறுபக்கத்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கோடை நீண்டு நீர் வற்றும் ஆண்டுகளில் அந்த நகரத்தின் கோயில் சேற்றிலிருந்து வெளியே வரும். ஊர்ச்சனம் இறங்கிப்போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வரும்.

காசல்ரீ நீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுக்கத் தொடங்கிய பிறகும் கரையிலிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்தே அந்தக் காம்பராக்களுக்குள் மின்குமிழ் வந்தது. இரவில் ஏரியில் வெளிச்சப் புள்ளிகள் விழுவதை அழகு என்று பார்க்கிறவர், அதில் லயத்து வெளிச்சம் எவ்வளவு தாமதமாகச் சேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

கரையைச் சுற்றிய துரை பங்களாக்களில் ஐந்து இன்று உலகப் புகழ்பெற்ற விடுதிகள். டில்மா தேயிலை நிறுவனத்தின் குடும்பத்தார் 2005 இல் தொடங்கிய ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ அது. காசல்ரீ, சமர்வில், டியன்சின், டன்கெல்ட், நோர்வூட் என்று தோட்டப் பெயர்களையே பங்களாக்கள் தாங்கி நிற்கின்றன. பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றியதும், தேயிலை மலையைப் பார்க்க உலகம் வரும் என்று காட்டியதும் நல்ல காரியம். ஆனால் அங்கே ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை எந்த விமானமும் கடக்காது.

நோர்வூட் சந்தியில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியா, நல்லதண்ணிக்கு. டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக் கூட்டம் ஹற்றனில் இறங்கி இதன் வழியாகத்தான் போகும். மற்றது பொகவந்தலாவைக்கு. நோர்வூட் நகரம் என்று சொன்னால் நாலு கடைத்தெருதான். சம்பள நாளில் மட்டும் நிற்க இடமிருக்காது. இங்குள்ள மைதானத்தில்தான் 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பல்லாயிரம் மலையகத் தமிழர் முன் பேசி, மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அவர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். கேட்கப் போனவர்கள் லொறியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். 2020 மே 31 ஆம் திகதி மலையகத் தலைவர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியையும் இங்கேயே நடந்தது. ஏரியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தச் சந்தியில் நிற்காமலேயே பங்களாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியவை

போக்குவரத்து அமைச்சிடம் கேட்க வேண்டியது பெரிய காரியம் இல்லை. வளைகுடா விமானங்கள் இறங்கும் நேரத்தை அனுசரித்து, பெட்டி வைக்க இடத்தோடு, கட்டுநாயக்க வாசலிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் தொட்டுப் பொகவந்தலாவைக்கு இரவிலும் பகலிலும் நிச்சயமாக ஓடும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் சேவை வேண்டும். அந்நியச் செலாவணியை அனுப்பும் அந்தப் பெண்களுக்கு நாடு கொடுக்கக்கூடிய ஆகக்குறைந்த மரியாதை இது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் இளம் சுற்றுலாப் பயணிகளும் அதில் ஏறுவார்கள். ஏறினால் கித்துல்கலைக் கடைக்கும் நோர்வூட் கடைக்கும் நாலு காசு சேரும்.

இரண்டாவது காரியம் காணி. தான் குடியிருக்கும் இடத்துக்கு உறுதி இல்லாத குடும்பம் ஓர் அறையைக் கட்டி விருந்தினருக்குக் கொடுக்க எந்த வங்கியிடம் கடன் கேட்கும்? ஏரியும் மலையும் வாசலில் இருந்தும், ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்து விருந்தாளிக்குக் கொடுக்கத் தெரிந்தும், சுற்றுலா வருமானம் லயத்துப் படியேறாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். வாக்களித்த ஏழு பேர்ச் காணியையும் அதற்கான உறுதியையும் முழுதாகக் கொடுத்து முடிக்காமல் மலையகச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவது வீண்.

போக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குள் கித்துல்கலையைத் தாண்டிவிடுங்கள். கினிகத்தேனைக்கு மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் பழகிய சாரதிக்கும் ரோட்டின் விளிம்பு தெரியாது.